ஊர்க்கொரு கலைக்கூடம்

ஒரு மொழியின் உடலை அகரமுதலியும் நூற்பதிப்பும் காத்துத் தரும். அதன் உயிரைக் காப்பன பாடும் வாயும், படிக்கும் குரலும், அவற்றைக் கேட்கக் கூடியிருக்கும் செவிகளுமே ஆகும். அச்செவிகள் கூடுதற்கு ஓர் இடம் வேண்டும். அத்தகைய இடங்கள் தமிழ்நாட்டு ஊர்களில் எத்துணை உள்ளன என்று எண்ணிப் பார்ப்பார்க்குக் கவலையே மிஞ்சும். மணமண்டபங்கள் தெருவுக்குத் தெரு எழுந்துள்ளன. கட்சிக் கூட்டங்களுக்குத் திடல்கள் உள்ளன. தலைநகரில் ஆயிரவர் அமரும் குளிரூட்டிய மன்றங்களும் உள்ளன. ஆனால், ஒரு பாவலன் தன் புதுப்பாட்டை முப்பது பேர்க்குப் படித்துக் காட்டவும், ஓர் ஓவியன் தன் படங்களைச் சுவரில் மாட்டி வைக்கவும், ஓர் ஓதுவார் ஒலிபெருக்கியின்றிப் பண்ணிசைக்கவும் ஏற்ற சிறு கூடம் காண்பதற்கு அரிதாகிவிட்டது. பிறர்க்கு இக்குறை சிறிதாகத் தோன்றலாம். மொழிக்காப்பைத் தம் கடனாகக் கொண்டார்க்கு அவ்வாறு தோன்றலாகாது.

கலையென்றால் பேரரங்கு வேண்டும் என்னும் எண்ணம் தமிழர்க்குப் பழக்கமானதன்று. மாதவி ஆடிய அரங்கின் அளவைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை தெளிவாகக் கூறுகின்றது. 24 விரல் அளவுள்ள கோலால் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். மேடைப் பலகைக்கும் மேல் உத்தரப் பலகைக்கும் இடையே 4 கோல். விரலொன்றுக்கு ஓர் அங்குலமெனத் தாராளமாகவே கணக்கிட்டாலும், 14 அடி அகலமும் 16 அடி நீளமுமே வரும். வேந்தன் முன்னிலையில் கலை அரங்கேறிய இடம் அவ்வளவே! அச்சிற்றிடத்தில் இருந்த ஒழுங்கோ பெரிது. நிலம் தேர்ந்து கொள்ளப்பட்டது. புகவும் புறப்படவும் இரு வாயில்கள் அமைந்தன. மூவகைத் திரைகள் தொங்கின. தூணின் நிழல் ஆட்டத்தை மறையாதவாறு விளக்கு நிறுத்தப்பட்டது. ஆடலாசான், இசையாசான், தண்ணுமையாசான், குழலோன், யாழாசிரியன் ஆகியோருடன் பாட்டெழுதும் புலவனும் அங்கே ஓர் உறுப்பாக நின்றான். மேல்நிலையில் ஓவியமும் எழுதப்பட்டிருந்தது. இயலும் இசையும் கூத்தும் ஓவியமும் ஒரே கூரையின்கீழ் ஒன்றையொன்று பார்த்து வளர்ந்தன.

ஓவியக் காட்சியும் மேலைநாட்டார் கற்பித்த வழக்கமெனக் கூறுவார் பரிபாடலின் 19ஆம் பாட்டைப் படித்தல் வேண்டும். திருப்பரங்குன்றத்து ஓவிய அம்பலத்திற்கு மக்கள் குடும்பத்தோடு வருகின்றனர். இது யார், அது என்ன கதை என்று ஒருவர் வினவ, உடன் வந்தவர் விளக்குகின்றார். காண்பாரும் விளக்குவாரும் ஒரே மொழியில் பேசிக்கொண்டு நிற்கும் அக்காட்சியில் ஓவியம் அறிந்தாரின் தனியுடைமையாக இல்லை. ஊரின் பொதுப்பேச்சாக இருக்கின்றது. படிப்பரங்கின் வேரும் பழையதே. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் தெரிந்தாய்ந்த பின்னரே தொல்காப்பியம் நூலாயிற்றென்று அதன் பாயிரம் கூறும். எழுதியவன் படித்தான், கற்றவர் வினவினர், விடை கூறி நின்றது நூலாயிற்று.

அண்மைக் காலத்திற்கு வருவோர்க்கு ஆபிரகாம் பண்டிதரின் தஞ்சை தெரியவரும். பள்ளியாசிரியராக இருந்து மருத்துவரான அவர், மூலிகை மருந்து விற்று ஈட்டிய பொருளைத் தமிழிசைக்குச் செலவிட்டார். 1912 முதல் தஞ்சையில் அடுத்தடுத்து இசை மாநாடுகளைக் கூட்டி, வல்லுநரைப் பாடவும் வாதிடவும் வைத்தார். அவ்வுழைப்பின் விளைவான ‘கருணாமிர்த சாகரம்’ 1917இல் வெளிவந்தது. அரசின் நல்கைக்கு அவர் காத்திருக்கவில்லை. தமிழ்நாட்டு மேடைகளில் தமிழ்ப் பாட்டு கடைசியிலே ‘துக்கடா’ என ஒதுக்கப்பட்டிருந்த நிலையை எதிர்த்து, 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியதற்கு, பண்டிதர் போன்றார் முன்னரே உழுது வைத்த நிலம் உதவிற்று. பெருஞ்சங்கங்களுக்கு விதை பெரும்பாலும் ஒரு வீட்டுக் கூடத்திலேதான் விழுகின்றது.

ஓவியத்தில் இதற்கு ஒப்பான எடுத்துக்காட்டு சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கின்றது. 1850இல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளி, பின்னாளில் அரசு கவின்கலைக் கல்லூரியாயிற்று. அதன் முதல்வராக விளங்கிய கே.சி.எசு. பணிக்கர், கற்று வெளியேறும் இளைஞர் படம் எழுதி வயிறு வளர்க்க இயலாமல் விளம்பர நிலையங்களிலும் அலுவலகங்களிலும் கரைந்து போவதைக் கண்டார். அவரும் ஏறத்தாழ 30 ஓவியரும் சிற்பியரும் சேர்ந்து கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தனர். மெழுகிட்டுச் சாயமேற்றும் ‘பாத்திக்’ துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றனர். அப்பணத்தில் 10 ஏக்கருக்கு மேற்படாத கடற்கரை மணல்நிலத்தை வாங்கி 1966இல் ஓவியர் சிற்றூர் ஒன்றை நிறுவினர். அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் ‘சோழமண்டலம்’ என்பது. ஐரோப்பியர் நாவில் ‘கோரமண்டல்’ எனச் சிதைந்து உலகப் படத்தில் ஏறிவிட்ட பெயரை, ஓவியர்கள் தம் ஊர்ப் பலகையில் திருத்தி எழுதினர் எனலாம்.

அங்கே வீடுகளும் பணிக்கூடங்களும் எழுந்தன. ஓவியக் காட்சிக்கூடம் அமைந்தது. பாரதியின் பெயரால் திறந்தவெளி அரங்கொன்று உருவாகி, பாட்டுப் படிப்பும் ஆடலும் நாடகமும் அதில் நிகழ்ந்தன. பணிக்கர் 1977இல் மறைந்தார். மாயக் கோட்டைகளையும் விலங்குகளையும் மைக்கோடுகளால் நெய்த கே. இராமானுசம் அவருக்கு முன்னரே 1973இல் இளமையில் மறைந்தார். சுல்தான் அலி 1990இலும், பணிக்கரின் மகனும் சிற்பியுமாகிய நந்தகோபால் 2017இலும் மறைந்தனர். ஆயினும் ஊர் மறையவில்லை. 2009இல் சென்னை ஓவிய இயக்கத்திற்கென ஓர் அருங்காட்சியகமும் அங்கே திறக்கப்பட்டது. நிறுவியவர் போனபின்னும் நிறுவனம் நின்றது எதனால்? தனக்கென நிலமும், தனக்கென ஒரு வருவாயும், பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு கூட்டமும் அதற்கு இருந்தமையால். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் கலைக்கூடம் ஒரு தலைமுறையைத் தாண்டுவது அரிது.

“பணிக்கர் மலையாளியாயிற்றே, அவ்வூரார் பலரும் தமிழரல்லரே, அவர்தம் புத்தோவியத்தால் தமிழுக்கு ஆவதென்ன?” என்று கேட்பாரும் உளர். வினா தக்கதே, விடையும் உண்டு. பணிக்கர் ‘சொற்களும் குறிகளும்’ என்னும் ஓவிய வரிசையில் தம் தாய்மொழி எழுத்தின் சாயலையே கோடாகவும் அணியாகவும் ஆக்கினார். தன் எழுத்தைக் கண்டு நாணாத கலைஞனே உலகின் முன் தலைநிமிர்ந்து நிற்பான் என்பதற்கு அது சான்று. அதே கல்லூரியில் பயின்ற திருச்சி மாவட்டத்துக் கீராம்பூர் ஆதிமூலம், தமிழ்ச் சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் படம் எழுதியதோடு, அட்டைகளில் தமிழெழுத்தின் வடிவையே புதிதாக வரைந்து காட்டினார். அவர் 2008இல் மறைந்தார். அவர் வகுத்த எழுத்துருவ நெறி நூலட்டைகளில் வாழ்கின்றது. ஓவியனும் எழுத்தாளனும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசியிராவிட்டால் அப்பயன் விளைந்திராது.

கூத்துக்கலையும் இதனையே சொல்லும். ந. முத்துசாமி 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கியபோது, புரிசைத் தம்பிரான் குடும்பத்தாரின் தெருக்கூத்தே அவருக்கு ஆசானாயிற்று. பெருங்கட்டூர் இராசகோபாலும் தோழர்களும் 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், 2002இல் ஒரு பள்ளியையும் நடத்தலாயிற்று. ஆடவர்க்கே உரியதென்றிருந்த கூத்தில் சிறுமியரும் பொதுப் படிப்போடு பயின்று ஆடினர். அப்பள்ளி 2020இல் மூடப்பட்டது. ஒரு கல்லூரி மூடப்பட்டால் செய்தித்தாளில் கூக்குரல் எழும். ஒரு திரையரங்கு இடிக்கப்பட்டால்கூட நினைவுக் கட்டுரைகள் வரும். ஊர்க் கலையைப் பிள்ளைகளுக்குக் கற்பித்த பள்ளி மூடப்பட்டபோது தமிழ்கூறு நல்லுலகு அதனை ஒரு செய்தியாகவும் பெரிதும் கருதவில்லை. தமிழ் வாழ்க என்னும் முழக்கத்திற்கும் தமிழ் வாழும் இடங்களுக்கும் இடையே விழுந்துள்ள பிளவை இதனினும் தெளிவாகக் காட்ட ஒன்றும் வேண்டுவதில்லை.

எஞ்சியுள்ள கூடங்களிலும் நோய்கள் உள்ளன. ஓவியக் காட்சியின் அழைப்பிதழ் ஆங்கிலத்தில் அச்சாகின்றது. படத்தின் கீழ்ப் பெயரும் ஆங்கிலம். விளக்குவார் வாயிலும் ஆங்கிலம். எதிர்த்தெருவில் காய்கறி விற்கும் அம்மை அப்படியை மிதிக்க அஞ்சுகின்றாள். பரங்குன்றத்தில் வினவி நின்ற மக்களின் வழித்தோன்றல்கள் தம் ஊர்க் கூடத்தின் வெளியே நிற்கின்றனர்! இசையரங்கிலோ பாடுவார் பொருளறியாத பாட்டைக் கேட்பார் பொருளறியாமல் சுவைக்கும் வழக்கம் இன்னும் முற்றும் ஒழியவில்லை.

தமிழன்பர் நடத்தும் அரங்குகளும் குற்றமற்றன அல்ல. பாட்டரங்கம் என்று அழைத்துவிட்டு, வரவேற்புரை, முன்னிலையுரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை எனப் பொழுதைப் போக்கி, பாவலர்க்கு ஆளுக்கு மூன்று நொடி தருவது தமிழ்ப்பணி ஆகாது. படித்த பாட்டைப் பற்றி ஒருவரும் வினவுவதில்லை; சொற்பிழை காட்டுவாரில்லை; யாப்புப் பிழை சுட்டுவாரில்லை; கைதட்டல் மட்டும் உண்டு. அதங்கோட்டாசான் இல்லாத அவையில் தொல்காப்பியம் பிறக்குமா? அயற்சொல்லைக் கடிவதில் காட்டும் விழிப்பைப் பாட்டின் தரத்திலும் காட்டினாலன்றித் தனித்தமிழ் இளைஞரை ஈர்க்காது. தூய சொல்லால் எழுதிய சோர்ந்த பாட்டு, தூய்மைக்கே பழி தேடித் தரும்.

கைப்பேசியில் எல்லாப் பாட்டும் கிடைக்கும்போது கூடம் எதற்கு என்பார்க்கும் மறுமொழி உண்டு. 2020இல் பெருந்தொற்று அரங்குகளை அடைத்தபோது திரைவழிக் கூட்டங்கள் ஓரளவு கைகொடுத்தன. தொலைவிலுள்ள தமிழரை இணைத்தன. அப்பயனை மறுத்தல் வேண்டா. ஆயினும், பாடுவான் ஓரிடத்தில் தடுமாறும்போது அவையில் எழும் அமைதியும், படத்தின்முன் ஒரு சிறுவன் நெடுநேரம் நிற்பதைக் காணும் ஓவியனின் நெகிழ்ச்சியும் கருவிக்குள் அகப்படா. பதிவுகள் கலையைச் சேமிக்கும். கூட்டமே அதனைத் திருத்தி வளர்க்கும்.

செய்யத்தக்கது யாது? புதுக்கட்டடம் எழுப்பும் வரை காத்திருத்தல் வேண்டா. ஊர்தோறும் பூட்டிக் கிடக்கும் படிப்பகம் ஒன்றிருக்கும். மாலையில் ஒழிந்திருக்கும் பள்ளிக் கூடமொன்றிருக்கும். பழைய சாவடியோ அன்பர் ஒருவரின் வீட்டு மாடியோ இருக்கும். 14 அடிக்கு 16 அடி இடம் மாதவிக்குப் போதுமாயிருந்தது. ஊர்க் கலைஞர்க்கும் அது போதும். திங்களுக்கு மூன்று மாலைகள் போதும். ஒரு மாலை படிப்பரங்கு: இருவர் படைப்பை மட்டும் படித்தல், படித்த நேரத்திற்கு இணையான நேரம் வினாவிற்கு, பொன்னாடை இல்லை. ஒரு மாலை பண்ணிசை: பாடும் பாட்டின் பொருளைப் பாடுமுன் இரண்டு சொற்றொடரில் சொல்லுதல், ஊரில் ஓதுவாரோ நாகசுரக் கலைஞரோ பறையிசைப்பாரோ இருப்பின் முதலிடம் அவர்க்கே. ஒரு மாலை ஓவியக் காட்சி: அழைப்பும் பெயர்ச்சீட்டும் தமிழில், எழுதியவரே அருகில் நின்று வினவுவார்க்கு விளக்குதல், பள்ளிப் பிள்ளைகளின் படங்களுக்கும் ஒரு சுவர்.

செலவுக்கு வழி சோழமண்டலத்தார் காட்டியதே. கையேந்துதல் வேண்டா, கைவினை வேண்டும். தமிழெண் பொறித்த நாட்காட்டி, நூற்கட்டு, சாயத்துணி, மண்பாண்டம் என ஊர்க்கேற்ற ஒரு பொருளைச் செய்து விற்கும் சிறு கூட்டுறவு அக்கூடத்தை நிறுத்தும். வாடகையும் விளக்குச் செலவும் கலைஞர்க்கு வழிச்செலவும் அதனின்று வருக. கணக்கு, சாவி, கையொப்பம் ஆகிய மூன்றும் ஒருவர் கையிலேயே தங்கலாகாது. இளைஞர்க்கும் பெண்டிர்க்கும் அவற்றில் பங்கு வேண்டும். ஒருவர் தோளில் நிற்கும் கூடம் அவரோடு சாயும்.

தமிழுக்குப் பகை எது என்று பட்டியலிடுவது எளிது. அப்பட்டியல் ஆண்டுதோறும் நீளுகின்றது. தமிழ் மாலைப்பொழுதில் எங்கே போய் அமரும் என்று கேட்பது கடினம். அதற்கு விடை கூற வேண்டியவர் அரசினர் மட்டுமல்லர். ஒவ்வோர் ஊரிலும் உள்ள பத்துத் தமிழன்பரும் ஆவர். அப்பதின்மர் கூடுக! பூட்டிய படிப்பகத்தின் சாவியைத் தேடி எடுக்க! தூசு தட்டி விளக்கேற்றுக! தூணின் நிழல் எவர்மீதும் விழாவண்ணம் அவ்விளக்கை நிறுத்துக! முதல் மாலைக்கு ஏழு பேர் வந்தாலும் சோர்தல் வேண்டா. அவ்வேழு பேரும் பாட்டைக் கேட்டு, அதில் ஒரு வினாவை எழுப்பிவிட்டு வீடு திரும்புவராயின், அவ்வூரில் தமிழ் அன்றிரவு வாழ்ந்ததாகும்.