சுவரையும் கொஞ்சம் பாருங்கள்

நவம்பர் பிறந்து கரோல் பயிற்சி தொடங்கினால், இரண்டாவது வாரத்துக்குள் நம் பாடகர் குழுவில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்குக் குரல் கட்டிவிடும். "ஐஸ் தண்ணி குடிச்சிருப்பாய்", "ஈரத்தலையோட வெளியில போயிருப்பாய்" என்று பெரியவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வோம். கொத்தமல்லித் தண்ணீரும் பனங்கற்கண்டும் வந்து சேரும். அந்தப் பிள்ளை படுக்கும் அறையின் சுவர் எப்படி இருக்கிறது என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

குரல் கட்டுவதற்குப் பெரும்பாலும் சாதாரண தடிமன்தான் காரணம். அது ஓரிரு வாரத்தில் போய்விடும். ஆனால் குளிர்காலம் முழுவதும் விட்டு விட்டு வருகிற கம்மலும், காலையில் எழுந்ததும் தொண்டையைச் செருமுகிற பழக்கமும், வேறு வீட்டில் நாலு நாள் தங்கினால் தானாகச் சுகமாகிற இருமலும் வேறு கதை. தாதியராக வேலை செய்கிற நாங்கள், இப்படிப்பட்டவர்களிடம் வீட்டைப் பற்றியும் கேட்கிறோம். அலுமாரிக்குப் பின்னால், யன்னல் ஓரத்தில், கட்டிலின் தலைமாட்டில் கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று கேட்டால் பலர் முதலில் சிரிப்பார்கள். பிறகு மெதுவாக, "இருக்குது, ஆனா துடைச்சிட்டம்" என்பார்கள்.

நம் குரல்நாண்கள் மிகச் சிறியவை. வளர்ந்தவர்களுக்கே ஏறக்குறைய இரண்டு சென்ரிமீற்றர் நீளம்தான், பெண்களுக்கு அதிலும் குறைவு. சுருதி பார்க்கக் கீபோர்டில் அழுத்துகிற 'ஏ' சுரத்தை ஒரு சொப்ரானோ பாடும்போது அவை விநாடிக்கு 440 தடவை ஒன்றோடொன்று தட்டுகின்றன. அவற்றின் மேல் மெல்லிய சளிப்படலம் ஈரமாக இருந்தால்தான் இது நோகாமல் நடக்கும். பூஞ்சணத்தின் நுண்வித்துகள் மூக்குக்குள் போனதும், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மூக்கின் உட்புறம் வீங்கும். சளி பின்பக்கமாகத் தொண்டைக்குள் இறங்கும். அதைச் செருமிச் செருமி எடுக்கும்போது குரல்நாண்களும் வீங்குகின்றன. உயர்ந்த சுரங்கள்தான் முதலில் கைவிட்டுப் போகும். ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் இருமலும் கூடும், ஸ்ரீரோயிட் இன்ஹேலரும் கூடும். அந்த இன்ஹேலரே சிலருக்குக் கம்மலைத் தரும். அதற்காக மருந்தை நிறுத்தவே கூடாது. ஸ்பேசரோடு எடுத்து, பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பினால் பெருமளவு குறையும்.

ஊரில் நம் வீடுகள் தாமாகவே மூச்சு விட்டன. யன்னலுக்கு மேல் காற்றோட்டத் துவாரம், ஓட்டுக்கூரையின் இடைவெளி, முற்றத்தில் கொடி. இங்கே இரட்டைக் கண்ணாடி யன்னலை இறுக்கப் பூட்டி, அதன் மேல் இருக்கிற சிறு காற்றுத் துவாரத்தையும் 'குளிர் வருகுது' என்று அடைத்துவிட்டு, ஹீற்றரில் உடுப்புக் காயப்போடுகிறோம். ஒரு தடவை தோய்த்த உடுப்பிலிருந்து ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கிறது. சோற்றுப்பானையின் ஆவியும் புட்டு அவிக்கும் ஆவியும் அதோடு சேரும். எல்லாம் குளிர்ந்த சுவரில் போய்ப் படியும். இன்னொரு பக்கம், ஹீற்றரை இரவு முழுவதும் கூட்டி வைக்கிற வீடுகளில் காற்று வறண்டு, அதே சளிப்படலம் காய்ந்துபோகிறது. ஈரப்பதம் 40 முதல் 60 வீதத்துக்குள் இருந்தால் இரண்டு தொல்லையும் இல்லை. அதை அளக்கும் சிறு கருவி 10 பவுண் அளவில் கிடைக்கும்.

ஆனால் எல்லாப் பழியையும் நம் புட்டுப்பானையின் மேல் போடுவதை நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம். 2020 டிசம்பரில் ரொச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, வீட்டுப் பூஞ்சணத்தால் வந்த சுவாச நோயில் இறந்தது. சூடானிலிருந்து வந்த அந்தத் தகப்பன் முறையிட்டபோது, மேலே பெயின்ற் அடிக்கச் சொன்னார்கள். அந்தக் குடும்பம் குளிக்கிற விதம்தான் காரணம் என்றும் நினைத்துக்கொண்டார்கள். 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி பூஞ்சணமே காரணம் என்று தீர்ப்புச் சொன்ன பிறகு, அந்தக் குழந்தையின் பெயராலேயே சட்டம் வந்தது. 2025 ஒக்ரோபர் 27 முதல் இங்கிலாந்தில் சமூக வீடுகளைக் கொடுப்பவர்கள், பாரதூரமான ஈரத்தையும் பூஞ்சணத்தையும் பற்றி முறைப்பாடு வந்தால் 10 வேலை நாட்களுக்குள் வந்து பார்க்க வேண்டும். அவசர ஆபத்து என்றால் 24 மணிநேரம்தான். ஆகவே தொலைபேசியில் சொல்லிவிட்டுச் சும்மா இருக்காமல், படத்தோடும் திகதியோடும் எழுத்தில் கொடுங்கள். தனியார் வாடகை வீடு என்றால் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கு எழுதலாம்.

இங்கேதான் ஒரு சங்கடம். நம்மில் பலருக்கு வீட்டுக்காரர் நம் ஆள்தான். ஞாயிற்றுக்கிழமை முன் வரிசையில் இருக்கிற அங்கிளிடம் சுவரைப் பற்றி எப்படிப் பேசுவது? விசாப் பிரச்சினை உள்ளவர்களும் படிக்க வந்த பிள்ளைகளும் வாயே திறப்பதில்லை. வீட்டுக்கூட்டம் நடக்கும் நாளில் அந்த மூலையில் ஒரு திரையைத் தொங்கவிட்டுச் சமாளிக்கிறார்கள். வாடகைக்கு வீடு கொடுத்திருக்கிற சபையார் லேவியராகமம் 14ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. நம் பழைய மொழிபெயர்ப்பு அதைக் குஷ்டதோஷம் என்கிறது. இக்கால ஆங்கில மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் அது பூஞ்சணம். ஆசாரியன் நேரில் வந்து பார்க்கிறான், வீட்டை ஏழு நாள் பூட்டி வைக்கிறான், பழுதான கற்களைப் பெயர்த்து, சுவரைச் சுரண்டி, புதிதாகப் பூசச் சொல்கிறான். மேலே வெள்ளையடித்து மறைக்க அங்கே இடமே இல்லை.

சுத்தம் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காய்ந்த தூரிகையால் தேய்த்தால் வித்துகள் அறை முழுவதும் பறக்கும். முகக்கவசமும் கையுறையும் போட்டு, யன்னலைத் திறந்து, கதவைச் சாத்தி, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். பிளீச்சோடு வேறு எதையும் கலக்காதீர்கள். மணத்தை மறைக்கச் செருகி வைக்கிற வாசனைத் திரவியம் தொண்டைக்கு இன்னொரு எரிச்சல். கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நின்றால், சுவர் எப்படி இருந்தாலும், ஜீபியிடம் போக வேண்டும். 45 வயதைத் தாண்டியவர்கள் தள்ளிப்போடவே கூடாது. அதுவரை குரலுக்கு ஓய்வு கொடுங்கள். குசுகுசுவென்று பேசுவது ஓய்வாகாது, அதுவும் குரல்நாண்களைச் சிரமப்படுத்தும்.

சபைக்கும் கேட்க ஒன்று இருக்கிறது. புதிய ஒலிவாங்கிகளுக்காக உணவு விற்றுப் பணம் சேர்த்தோம், நல்லது. ஆனால் அந்த ஒலிவாங்கிக்குள் பாட வேண்டிய பிள்ளைகள் நிலக்கீழ் அறையில், பழைய கம்பளத்தின் மேல், ஈரமணத்துக்குள் நின்று ஒன்றரை மணிநேரம் பயிற்சி செய்கிறார்கள். அந்தக் கம்பளத்தை எடுத்தெறிய அதிகம் செலவாகாது. அதுவரை பயிற்சியை மேல்மாடி அறைக்கு மாற்றலாம். அறை சின்னதுதான், ஆனால் அங்கே யன்னல் திறக்கும்.