பழுதுபார்த்தலும் ஒரு கல்வியே

விழா எடுக்குங் காலத்திற் பழைய மாணவர் உள்ளம் கல்லூரி அன்னையை நோக்கித் திரும்புதல் இயல்பு. கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும், கடல் கடந்த இலண்டன், ரொறன்ரோ, மெல்பேண் நகரங்களிலிருந்தும், “கல்லூரிக்கு இப்பொழுது யாது தேவை?” என்னும் வினா எழுகின்றது. முன்னாளில் அதற்கு விடை கட்டடம் என்றோ, நூல்நிலையம் என்றோ, விளையாட்டு மைதானம் என்றோ வரும். இந்நாளில் வரும் விடை பெரும்பாலும் “புதிய கணினிகள்” என்பதாம். அவ்விடையைக் குறைகூறுதல் எமது கருத்தன்று. ஆயின், புதியவை வந்திறங்கும் நாளிற் பழையவை எங்கே போகின்றன என்று கேட்பாரைக் காண்டல் அரிது. ஒரு மூலையில் ஒன்றன்மேலொன்றாய் அடுக்கப்பட்டு, தூசி படிந்து, ஈற்றிற் பழைய இரும்போடு இரும்பாய் நிறுக்கப்படுதலே பல பாடசாலைகளில் அவற்றின் முடிவாய் இருக்கின்றது.

அம்முடிவு பெரும்பாலும் வேண்டாததொன்று என்பதே எமது துணிபு. பழைய மேசைக் கணினியொன்றைத் துடைத்துத் திருத்தி, அதிற் பணிசெயல் முறைமையை மீளவும் நிறுவுதல் சிக்கனம் மாத்திரமன்று, நல்லதொரு கல்வியுமாம். அதனை மாணவர் தம் கைகளாற் செய்தல் வேண்டும் என்பதை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

பணிசெயல் முறைமை என்பது கணினியின் உறுப்புக்களையெல்லாம் ஒருங்கே இயக்கி, ஏனைய மென்பொருள்களுக்கு இடங்கொடுத்து நிற்கும் முதன்மை மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ் என்பன அவ்வகையின. எமது பாடசாலைகளிற் பெரிதும் வழங்கிய விண்டோஸ் 10, 2015 யூலை 29 ஆம் நாள் வெளிவந்தது. 2025 ஒக்டோபர் 14 ஆம் நாளுடன் அதற்குரிய வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் நிறுவனம் நிறுத்திவிட்டது. அன்று எந்தக் கணினியும் நின்றுபோகவில்லை. மறுநாளும் அவை முன்போல் இயங்கின. ஆனால், அந்நாளுக்குப் பின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைப்பாரில்லை. ஓட்டை உள்ள கூரையின்கீழ் வெயிற்காலத்தில் இருக்கலாம்; மாரியில் இருத்தல் இயலாது. இணையத்தோடு தொடர்பின்றி இருக்கும் கணினிக்கு வெயிற்காலம்; தொடர்புற்றதற்கு என்றும் மாரிகாலமே.

பாடசாலைகள் குறைந்த கட்டணத்தில் மூன்றாண்டு வரை மேலதிகத் திருத்தங்களைப் பெறலாம் என்றும் அந்நிறுவனம் ஓர் ஒழுங்கு செய்தது. அது நாளைத் தள்ளிவைத்தலேயன்றிக் காரியத்தைத் தீர்த்தலன்று.

“அங்ஙனமாயின் விண்டோஸ் 11 ஐ நிறுவலாமே” என்பர் சிலர். 2021 ஒக்டோபரில் வெளிவந்த அம்முறைமை, ரிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறும், ஏறத்தாழ 2018 ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட செயலியும் உள்ள கணினிகளையே ஏற்பதாக விதிக்கப்பட்டுள்ளது. 2012 ஆம் ஆண்டளவில் வெளிவந்த மூன்றாந் தலைமுறை இன்டெல் கோர் செயலியைக் கொண்ட கணினி, கட்டுரை தட்டவும், கணக்கிடவும், நிரல் எழுதவும், காணொளிப் பாடம் பார்க்கவும் இன்றும் வல்லதே. எனினும் வாயிலில் அதற்கு அனுமதியில்லை. குறுக்கு வழிகளால் உள்ளே நுழைப்பாரும் உளர். அவ்வாறு நுழைந்தவற்றுக்குப் பிற்காலத் திருத்தங்கள் கிடைக்கும் என்னும் உறுதியை நிறுவனம் தருவதில்லை. அத்தகைய வழியை மாணவர்க்குக் கற்பித்தல் தகாது.

எமது கிராமங்களில் வேலியடைப்பு நடைபெறுவதை அறியாதார் யார்? ஓலை உக்கினால் ஓலையைக் கழற்றிப் புதிது கட்டுவர். உயிரோடு நிற்குங் கதியாலை வெட்டி எறிவாரில்லை. பணிசெயல் முறைமை ஓலை, கணினி கதியால். ஓலை உக்கியதைக் கண்டு கதியாலைப் பிடுங்குதல் அறிவுடைமையாகுமா?

கட்டுதற்கு வேறோர் ஓலையும் உண்டு. அதுவே லினக்ஸ். 1991 ஓகஸ்டில், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் அப்பொழுது மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார், தாம் ஒரு பணிசெயல் முறைமையைப் பொழுதுபோக்காக எழுதிவருவதாக அறிவித்தார். அவருக்கு அன்று வயது 21. அவர் எழுதிய கருவும், 1983 இல் றிச்சட் ஸ்ரோல்மன் தொடக்கிய குனூ முயற்சியில் விளைந்த கருவிகளும் ஒன்றுசேர்ந்து, எவரும் விலையின்றிப் பெறவும், ஆராயவும், மாற்றவும், பிறர்க்கு வழங்கவும் உரிமையுள்ள முறைமையாய் வளர்ந்தன. இன்று அது பல வடிவங்களில் உலவுகின்றது. அவற்றுள் லினக்ஸ் மின்ற் என்பது 2 கிகாபைற் நினைவகம் இருந்தாலே இயங்கும். 4 கிகாபைற் இருப்பின் வசதியாக இயங்கும். பாடசாலைகளில் ஒதுக்கப்பட்டுக் கிடக்கும் கணினிகள் பலவற்றுக்கு இவ்வளவு நினைவகம் உண்டு. பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தொடக்கிய ஆக்கத்தை, எமது மாணவர் தம் கையால் ஒரு பழைய கணினியில் ஏற்றிப் பார்த்தல் எத்துணைப் பொருத்தம்!

இனி, இப்பணி எவ்வாறு கல்வியாகும் என்பதைக் காட்டுவாம்.

முதற் பாடம் படியெடுத்தல். மீள நிறுவுதல் என்பது பெரும்பாலும் வன்தட்டில் உள்ளதையெல்லாம் அழித்து எழுதுவதாம். ஆதலின், உள்ளவற்றை வேறிடத்திற் படியெடுத்து, எடுத்த படி திறக்கின்றதா என்றுந் திறந்து பார்த்த பின்னரே அடுத்த அடி வைத்தல் வேண்டும். ஏடு செல்லரிக்குமுன் அதனைப் புதிய ஏட்டில் எழுதிவைத்த மரபு எம்முடையது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 இற் கலித்தொகையை அச்சேற்றாது விட்டிருப்பின் எத்தனை ஏடுகள் எஞ்சியிருக்கும் என எவர் சொல்ல வல்லார்? கணினியின் வன்தட்டும் ஓர் ஏடே, அதுவுஞ் செல்லரிக்கும்.

ஈண்டு எம்மவர்க்கே உரிய இடர் ஒன்றுண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன் எமது நாட்டிற் கூட்ட அறிக்கைகளும், வினாத்தாள்களும், விழா மலர்களும் பாமினி எழுத்துருவிலேயே பெரும்பாலுந் தட்டப்பெற்றன. அவ்வெழுத்துரு, ஆங்கில எழுத்துக்களின் இடத்திற் தமிழ் எழுத்தின் உருவத்தை வைத்துக் காட்டுவது. கணினியைத் துடைத்து நிறுவியபின் அவ்வெழுத்துரு இல்லையாயின், இருபதாண்டு ஆவணங்கள் யாவும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய்ப் பொருளற்றுத் தோன்றும். “எல்லாம் பழுதாயின” என்று கருதி அவற்றை அழித்துவிடுவாரும் உளர். எழுத்துருவையுஞ் சேர்த்துப் படியெடுத்தலும், ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றுதலும் தமிழ் மாணவர் அறிந்திருக்கவேண்டிய தொழில்.

இரண்டாம் பாடம் நோயறிதல். கணினி மெதுவாய் இயங்குதற்குக் காரணம் எப்பொழுதும் மென்பொருளன்று. பழைய வன்தட்டு ஒரு நிமிடத்தில் 7200 முறை சுழலும் பொறி. வேண்டிய தகவலைத் தேடித் தலையை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் அதற்குக் காலஞ் செல்லும். சுழலும் உறுப்பில்லாத எஸ்எஸ்டி சேமிப்பகத்தை அவ்விடத்திற் பொருத்தினால், அதே கணினி வேறொரு கணினி போல் விரையும். வன்தட்டு அழியுந் தறுவாயிலிருப்பின், அதன்மேற் புதிய முறைமையை நிறுவுதல் உளுத்த மரத்தில் வர்ணம் பூசுதலை ஒக்கும். வன்தட்டு தன்னைப்பற்றித் தானே வைத்திருக்கும் ‘ஸ்மார்ட்’ என்னும் குறிப்பை முதலில் வாசித்தறிதல் வேண்டும்.

நாட்காட்டியும் மணியும் ஒவ்வொரு முறையும் பின்னோக்கிச் செல்வதாயின், தாய்ப்பலகையிலுள்ள சிஆர்2032 என்னும் 3 வோல்ற் மின்கலம் தீர்ந்திருக்கக்கூடும். நாள் பிழையாயின் இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களைக் கணினி ஏலாது, தளங்கள் திறக்கமாட்டா. நாணயமளவான அம்மின்கலத்தை மாற்றாது முறைமையைப் பலமுறை மாற்றியும் பயனில்லை. காரணத்தை அறியாது காரியத்தைத் திருத்த முயலாமையே விஞ்ஞானக் கல்வியின் முதற்படி. அதனை இதனினும் தெளிவாகக் காட்டும் பரிசோதனை யாதுளது?

மூன்றாம் பாடம் பொறுமை. நிறுவுதலின் நடுவில் மின்சாரம் நின்றால் வேலை குலையும். 2022 மார்ச்சில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியதை நாம் மறந்திலேம். மின்சேமிப்புக் கருவியின்றித் தொடங்கலாகாது. தொடங்கியதை இடையில் விட்டுச் செல்லலாகாது. செய்ததையெல்லாம் நாளுங் குறித்துப் பதிவேட்டில் எழுதிவைத்தல் வேண்டும்.

நிற்க. இதற்கு எதிராய்க் கூறப்படுவனவற்றையும் நோக்குதல் முறை.

ஒருசாரார், “அலுவலகங்களில் வழங்குவது விண்டோஸ், லினக்ஸ் கற்ற மாணவன் அங்கே திகைப்பான்” என்பர். அவர் கூற்று முற்றுந் தவறன்று. ஆதலினாலேயே புதிய கணினிகள் வேண்டாம் என நாம் சொல்லவில்லை. ஆயினும், ஒன்றை மாத்திரம் அறிந்தவன் பொத்தான் இருக்கும் இடத்தை அறிவான். இரண்டை அறிந்தவன் பொத்தான் எதற்கு என்பதை அறிவான். உலகின் இணையச் சேவைக் கணினிகளிற் பெரும்பாலானவையும், மாணவர் கையிலுள்ள அன்ரொயிட் தொலைபேசிகளும் லினக்ஸ் கருவைக் கொண்டே இயங்குகின்றன. ஆதலின் இதனைப் பயனற்ற கல்வி என்றல் பொருந்தாது.

மற்றொருசாரார், “இறந்த பொறிகளுக்கு உயிர்கொடுக்க முயன்று காலத்தைப் போக்குவதேன்?” என்பர். எல்லாவற்றையுங் காத்தல் வேண்டுமென்பது எமது வாதமன்று. 32 பிற் செயலியை மாத்திரம் உடைய மிகப் பழைய கணினிகளைப் பெரும்பாலான லினக்ஸ் வடிவங்களும் கைவிட்டுவிட்டன; நெடுநாள் அவற்றைத் தாங்கி நின்ற டெபியனும் 2025 ஓகஸ்டில் வெளிவந்த 13 ஆம் பதிப்பில் அவற்றுக்குரிய நிறுவியை நிறுத்திக்கொண்டது. மின்வழங்கி கருகியதும் தாய்ப்பலகை வெடித்ததுமான கணினிகளில் நல்ல உறுப்புக்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு எஞ்சியதை விடுதலே நேர்மை. எதனைக் காப்பது, எதனை விடுவது என்று தேர்ந்தறிதலும் இக்கல்வியின் ஒரு கூறே.

பொருளாதார நோக்கும் ஒன்றுண்டு. 2022 இன் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை அணுகியது. கணினியின் உறுப்பு ஒவ்வொன்றும் டொலர் கொடுத்தே வாங்கப்படுவது. பெற்றோர் பலர்க்கு அன்று எட்டாது போன கணினி இன்றும் எட்டாததாகவே இருக்கின்றது. இது நிற்க, 2022 ஆம் ஆண்டில் உலகம் கழித்த மின்னணுக் கழிவு ஏறத்தாழ 6 கோடியே 20 இலட்சம் தொன் என்றும், முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் நான்கிலொரு பங்குக்கும் குறைவென்றும் ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறும். ஒரு வீட்டிற் கணினியில்லாத பிள்ளை, மறுபுறத்தில் எறியப்படுங் கணினி — இவ்விரண்டும் ஒரே ஊரில் இருத்தல் ஊருக்கு அழகன்று.

எல்லாவற்றிலும் மேலாய் எம்மை வருத்துவது பிறிதொன்று. கணினி தடைப்பட்டால் அதனைக் கடைக்குத் தூக்கிச் செல்லுதல் ஒன்றையே இன்று பெரும்பாலார் அறிவர். கடைக்காரர் எதுவும் வினவாது வன்தட்டைத் துடைத்துப் புதிது நிறுவிக் கொடுப்பதும், வீட்டிற்கு வந்து திறந்தபின் பாட்டனார் படமும் பிள்ளையின் செயற்றிட்ட அறிக்கையும் மறைந்திருப்பதும் அரிய நிகழ்ச்சிகளல்ல. விலைகொடுத்து வாங்கிய பொறிக்கு உரியவர் நாம். அதன் உள்ளத்திற்கு உரியவர் வேறொருவர் என்னும் நிலை மாறுதல் வேண்டும்.

ஆதலிற் பழைய மாணவர் சங்கத்தார்க்கும், அதிபர் ஆசிரியர்க்கும் ஒரு விண்ணப்பம். புதிய கணினிகளுக்கெனச் சேரும் பணத்தில் ஒரு சிறு பங்கை எஸ்எஸ்டி, நினைவகம், மின்கலம் ஆகியவற்றுக்கு ஒதுக்குக. தவணை விடுமுறைதோறும் சில நாள்களைக் குறித்து, பழைய மாணவருட் பொறியியலாளரும் தொழினுட்பவியலாளரும் கணினி ஆய்வுகூடத்தில் மாணவரோடு அமர்ந்து, ஒதுக்கப்பட்ட கணினிகளை ஒவ்வொன்றாய் ஆராய்ந்து திருத்துக. திருகாணியைக் கழற்றுவதும் கட்டளையைத் தட்டுவதும் மாணவராக இருக்கட்டும். பெரியோர் அருகில் நிற்பாராக. ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பதிவேடு எழுதப்படுக. திருந்தியவற்றுள் ஆய்வுகூடத்தின் தேவைக்கு மிஞ்சியவற்றை, பாடசாலை உடைமைகளைக் கைமாற்றுதற்குரிய விதிகளின்படி, வீட்டிற் கணினியில்லாத மாணவர்க்கு வழங்க வழிகாண்க. கடல் கடந்த அன்பர்களும் பணத்தோடு நில்லாது, ஊர் வருங்காலத்தில் இரண்டு நாளையும் தருவாராக.

புதிய கணினி ஒன்றை அளிக்கும் பழைய மாணவர் ஒரு பொருளை அளிக்கின்றார்; அது பத்தாண்டிற் பழையதாகும். பழைய கணினியைத் திருத்தக் கற்பிப்பவர் ஒரு திறனை அளிக்கின்றார்; அடுத்த விழாவுக்கு வரும் மாணவரிடத்தும் அது நிலைத்திருக்கும். இரண்டையும் அளிக்க வல்லவர் எம்முள் பலர் உளர். இவ்விழா ஆண்டிலேயே அப்பணி தொடங்குவதாக.