ஊர்ப் பெயரை மாற்றினால் ஆய்வாகுமா?



கல்வியியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கும் ஆசிரியர்கள் நம் வாசகர்களில் கணிசம். அவர்கள் எழுதும் கடிதங்களில் ஒரே புலம்பல்தான்: தலைப்பு கிடைத்துவிட்டது, கேள்விதான் பிடிபடவில்லை.

முனைவர் பட்ட ஆய்வேடுகள் சேரும் சோத்கங்கா இணையக் களஞ்சியத்தைப் புரட்டிப் பாருங்கள். மேல்நிலை மாணவர்களின் தன்மதிப்பும் கல்வி அடைவும் என்ற ஒரே அச்சில் வார்த்த தலைப்புகள், மாவட்டப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு வரிசையாக வரும். 'தொடர்பு உண்டா?' என்று கேட்டால் 'உண்டு' என்றுதான் வரப்போகிறது. அதற்காக நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் படிவம் நிரப்பச் சொல்ல வேண்டுமா?

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தக் கேள்விப் பஞ்சம் வரவே கூடாது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்தன. மாஹே கேரளத்தோடு, ஏனாம் ஆந்திரத்தோடு. ஓர் அரசு, மூன்று பாடத்திட்டம்! போதாததற்கு, 1826இல் தொடங்கிய பிரெஞ்சு லிசே பள்ளி இன்றும் பிரான்ஸ் பாடத்திட்டத்தில் நடக்கிறது. 2023-24இல் இங்குள்ள அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறின.

உடனே, 'சிபிஎஸ்இ வந்ததால் கற்றல் உயர்ந்ததா?' என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் வழுக்கும். பழைய தேர்ச்சி விழுக்காடு ஒரு வாரியத்தின் வினாத்தாளில் வந்தது, 2025ஆம் ஆண்டினுடையது வேறொரு வாரியத்தின் வினாத்தாளில். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மிஞ்சும் எண் பிள்ளைகளைப் பற்றி எதுவும் சொல்லாது.

இப்படிக் கேட்டுப் பாருங்கள்: எட்டாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர்கள் தாங்களே தயாரிக்கும் வினாத்தாளில், புத்தகக் கணக்கை அப்படியே கேட்பவை எத்தனை, பிள்ளையை யோசிக்க வைப்பவை எத்தனை? மாற்றத்துக்கு முன்பு எப்படி, பின்பு எப்படி? பழைய வினாத்தாள்களைப் பள்ளி பீரோவில் தேடலாம், எண்ணலாம். ஒன்றை ஆசிரியர் முன் வைத்து, 'இந்தக் கணக்கை ஏன் சேர்த்தீங்க?' என்று பேச்சுக் கொடுக்கலாம். எண்ணிக்கை சொல்லாததை அவர் சொல்வார். முக்கியமாக, ஒன்றும் மாறவில்லை என்று விடை வந்தாலும் அது செய்திதான்.

யுஜிசியின் 2022 விதிகளின்படி முனைவர் படிப்புக்குக் குறைந்தது 3 ஆண்டு, மறுபதிவு இல்லாமல் அதிகபட்சம் 6. பள்ளி வேலையோடு ஓடுகிறவருக்கு நான்கு பிராந்தியத்தையும் அள்ளும் ஆசை வேண்டாம். ஒரு வகுப்பு, ஒரு பாடம், ஐந்தாறு பள்ளிகள் போதும். எண்ணிக்கையை நெறியாளரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

கேள்வியை நெறியாளரிடம் காட்டும் முன், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் சொல்லிப் பாருங்கள். 'விடை தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க சார்' என்று அவர் கேட்டால், தாராளமாக எழுத உட்காரலாம். நமக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்