பாம்புக்குப் பர்ச்சேஸ் ஆர்டர் தெரியாது

எனக்கும் மருத்துவத்துக்கும் உள்ள சம்பந்தம் வருஷத்துக்கு இரண்டு ஜலதோஷம். ஆபீஸில் நான் ஸ்டோர்ஸ் பிரிவு. பதினைந்து வருஷமாக போல்ட், நட், வாஷர் எண்ணிப் பிழைப்பு. இப்படிப்பட்டவனை, விழுப்புரம் பக்கம் இருபது படுக்கை ஆஸ்பத்திரி நடத்தும் பள்ளித் தோழன் ஒரு சனிக்கிழமை ராத்திரி போனில் கூப்பிட்டான்.

''டேய், மருந்து பில் கட்டவே கைமாத்து வாங்கறேன். நீதான் ஸ்டோர்ஸ் புலியாச்சே, வந்து பாருடா!''

புலி மறுநாள் காலை பஸ்ஸில் நின்றுகொண்டே போய் இறங்கியது.

மருந்து அலமாரியைத் திறந்தோம். பாரசிட்டமால் மட்டும் ஐந்து பிராண்ட். ஐந்து ரெப்புமே நல்ல பையன்களாம், யார் மனசையும் நோகடிக்கக் கூடாதாம்! 'பத்து வாங்கினால் ஒன்று இலவசம்' என்று வந்த இருமல் டானிக் நாற்பது பாட்டில், தேதி முடிந்து மூன்று மாதம். இலவசமாக வந்ததைவிடக் குப்பைக்குப் போவது அதிகம். புதுசாக வந்த ஊசிகள் முன் வரிசையில். பழசெல்லாம் பின்னால் உட்கார்ந்து ரிட்டயர்மென்ட்டை எதிர்பார்த்துக் கொண்டிருந்தன.

''பாம்புக்கடி மருந்து எவ்வளவு இருக்கு?'' என்றேன், சும்மா.

பார்மசிப் பெண் மூலையிலிருந்து எடுத்தாள். இரண்டு குப்பி.

நண்பன் முகம் மாறிவிட்டது. போன ஐப்பசியில், களை எடுக்கப் போன ஒரு அம்மாவைக் கண்ணாடிவிரியன் கடித்துத் தூக்கி வந்திருக்கிறார்கள். ஆரம்ப டோஸே 8 முதல் 10 குப்பி. அன்றைக்கும் இருந்தது இரண்டுதான். அதை ஏற்றிவிட்டு 108-ல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினான். பிழைத்துவிட்டார். ஆனால் கிட்னி பழுதாகி, வாரக்கணக்கில் டயாலிசிஸ்.

''விலை ஜாஸ்திடா. எப்பவாவதுதானே தேவைப்படுதுன்னு கம்மியா வாங்கினேன்'' என்றான் தரையைப் பார்த்து. அந்த நாற்பது பாட்டில் டானிக் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக் கொண்டிருந்தது.

ஃபாக்டரியில் நாங்கள் சாமான்களை ஏ, பி, சி என்று பிரிப்போம். பத்து சதவிகித ஐட்டங்கள் எழுபது சதவிகிதப் பணத்தைத் தின்னும். அதுதான் 'ஏ'. அதன்மேல் கண் வைத்தால் போதும், பணம் மிஞ்சும். ஆஸ்பத்திரியில் இது மட்டும் போதாது. உயிர் காப்பது, அவசியமானது, இருந்தால் நல்லது என்று இன்னொரு முறையும் பிரிக்க வேண்டும். சிக்கனத்தை மூன்றாவதில் ஆரம்பிக்க வேண்டும். என் நண்பன் முதலாவதில் ஆரம்பித்திருந்தான்.

இதெல்லாம் என் கண்டுபிடிப்பு இல்லை. 1994-ல் தமிழக அரசு ஆரம்பித்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியும் இப்படித்தான். தேவையான மருந்துகளுக்கு ஒரு பட்டியல். அதில் பிராண்ட் பெயர் கிடையாது, மருந்தின் பெயர்தான். மாநிலத்துக்கே மொத்தமாக டெண்டர். வந்த சரக்கைக் கம்பெனி பெயர் மறைத்து லேபில் சோதிப்பார்கள். ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரிக்கும் வருஷத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு என்று ஒரு பாஸ்புக். மாவட்டக் கிடங்கில் மருந்து எடுக்க எடுக்க, பாங்க் மாதிரி கழித்துக் கொள்வார்கள். 2011-ல் இலவச மருந்துத் திட்டம் கொண்டுவந்தபோது ராஜஸ்தான்காரர்கள் இந்த வழியைத்தான் பின்பற்றினார்கள்.

தனியார் ஆஸ்பத்திரிக்கு அந்த பாஸ்புக் கிடையாது. ஆனால் காப்பி அடிக்கலாமே! பாரசிட்டமால் இனி ஒரே பெயர். தேதி சீக்கிரம் முடிவது முன் வரிசைக்கு வந்தது. ஒரு நாற்பது பக்க நோட்டு எங்கள் பாஸ்புக். கடைசியாக, பக்கத்து ஊர் டாக்டரோடு சேர்ந்து மொத்தமாக ஆர்டர் போடச் சொன்னேன்.

''அவனோடயா? என் கல்யாணத்துக்கே வரலை!''

''பத்திரிகை வெச்சியா?''

யோசித்தான். வைக்கவில்லையாம்.

ஆளுக்குப் பத்துக் குப்பி எப்போதும் கையில் இருக்க வேண்டும், தேதி நெருங்குவது தேவைப்படும் இடத்துக்குப் போக வேண்டும் என்று ஒப்பந்தம். பத்துக் குப்பிக்கான பணம்? டானிக்கை நிறுத்தியதிலேயே பாதி வந்துவிட்டது.

நாலு மாதம் கழித்து போன்.

''பத்தும் காலிடா!''

''என்னடா, தேதி முடிஞ்சிடுச்சா?''

''இல்லை. செவ்வாய்க்கிழமை ஒரு பையன். சுருட்டைவிரியன். மறுநாள் சாயங்காலம் இட்லி கேட்டான்.''

''அடுத்த பத்துக்கு ஆர்டர் போட்டியா?''

''நேத்தே வந்தாச்சு!''

போனை வைத்துவிட்டு வேலையைப் பார்க்க உட்கார்ந்தேன். பதினைந்து வருஷ சர்வீஸில் நான் எண்ணிய எந்த வாஷரும் இட்லி கேட்டதில்லை.