கிடந்தால் 'லை', கிடத்தினால் 'லே'

ஆங்கில வகுப்பில் மாணவர்களை வருடம் தவறாமல் இடறிவிடும் ஜோடி 'லை', 'லே'. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வது பல ஆசிரியர்களின் வழக்கம். தேர்வோடு பட்டியலும் மறந்துபோகிறது.

தமிழ் மாணவருக்கு இந்தப் பாடு எதற்கு? நோயாளி கட்டிலில் கிடந்தால் 'லை'. நர்ஸ் அவரைக் கிடத்தினால் 'லே'. விலை உயர்ந்தால் 'ரைஸ்'. வியாபாரி உயர்த்தினால் 'ரெய்ஸ்'. (விலை என்றைக்குத் தானாக உயர்ந்தது என்பது வேறு விஷயம்.) மரம் வீழ்ந்தால் 'ஃபால்', வீழ்த்தினால் 'ஃபெல்'. எல்லாம் இலக்கண வகுப்பில் படித்த தன்வினை, பிறவினைதான். இந்தி பேசும் மாணவருக்கும் 'கிர்னா', 'கிரானா' இருக்கிறது. இப்படி ஒலி மாறிப் பொருள் மாறும் ஜோடிகள் ஆங்கிலத்தில் மிஞ்சியிருப்பது சொற்பம், தமிழில் ஏராளம்.

உண்மையான சிக்கல் இறந்தகாலத்தில். நோயாளி நேற்றுக் கிடந்தார் என்பதற்கும் 'லே'தான். 'லெய்ட்' என்றால் நர்ஸ் கிடத்தினார் என்றாகிவிடும். 'ஃபால்' என்பதன் இறந்தகாலமும் 'ஃபெல்'. கரும்பலகையில் திரும்பத் திரும்ப எழுத வேண்டியவை இந்த இரண்டும்தான். மற்றதைத் தாய்மொழியில் ஒரு வாக்கியம் சொல்லிப் புரியவைத்துவிடலாம், வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் போடாத பள்ளியாக இருந்தால்.