காத்திருத்தல் நன்றோ, வெளிப்படச் செல்லுதல் நன்றோ?

புதுச்சேரி நேரு வீதியினின்று பெரிய மார்க்கெட்டினுள் புகுவார், மீனும் மலரும் காய்கனியும் விற்போர் பக்கத்தே கியூ.ஆர். அட்டையொன்று நிற்கக் காண்பர். 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய யூ.பி.ஐ. முறையால் வந்த மாறுதல் இது. வாங்குவோர் தம் இரகசிய எண்ணை இட்டபின், பணம் வந்ததென்னும் குரல் ஒலிப்பெட்டியினின்று எழுமளவும் இருவரும் காத்து நிற்கின்றனர். செயலிக்கும் வங்கிக்கும் இடையே மறையாக்கம் செய்த வழி அமையாவிடின், அக்கட்டளை வெளிப்படையான வழியே செல்லாது, நின்றுவிடும். இதனைக் குறைகூறுவார் இலர்.

இந்நியாயம் ஏனைய இணைப்புகளுக்கும் பொருந்துமோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது. வணிகர் ஒருவர் தம் கடைக்கணக்கை வேற்றூர்க் கிளைக்கு அனுப்புதற்கு வி.பி.என். என்னும் காப்புவழியை அமைத்துக்கொள்கிறார் என்க. இருமுனைப் பொறிகளும் ஒன்றையொன்று இன்னதென அறிந்து, மறைத் திறவுகோல்களை ஒத்துக்கொண்ட பின்னரே அவ்வழி திறக்கும். அதற்குச் சிறிது நேரமேனும் வேண்டும். இணைப்பு நலிந்தவிடத்து அது நீளவுங் கூடும். கணிப்பொறியோ அதற்குள்ளாகவே செய்தித் துணுக்குகளை அனுப்பத் தொடங்கிவிடும். அவற்றை நிறுத்தி வைக்கலாம், எறிந்து விடலாம், மறைவின்றிப் போகவும் விடலாம். உடையவர் ஒன்றும் சொல்லாதவிடத்துப் பொறி தானாக எதனைச் செய்தல் தகும்?

நிறுத்தி வைத்தலே தகும் என்பது எமது துணிபு. லிப்ரஸ்வான் என்னும் காப்புவழி மென்பொருளை இயற்றியோரும் இதனையே இயல்பாக வைத்துள்ளனர். மறைவினும் தடையின்மையே பெரிதென்று கருதுவோர் மட்டுமே அதனை மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர்தம் அறிவுரை. இதன்கண் நியாயம் உண்டு. நுணுக்கம் அறிந்தவர் எவ்வமைப்பையும் தாமே மாற்றிக்கொள்வர். இயல்பு அமைப்பு ஆள்வது, மாற்ற அறியாதவரையே. ஆண்ட்ராய்டு கைப்பேசியில், வி.பி.என். இல்லாத இணைப்புகளைத் தடுக்கும் அமைப்பு ஒன்று உண்டு. எனினும் அதனை உடையவரே தேடிச்சென்று இயக்கல் வேண்டும். கடையும் வாணிகமுமாய் இருப்பவருள் எத்துணைப்பேர் அதனைத் தேடுவர்? தாமதித்த செய்தியை மீண்டும் அனுப்பலாம். வெளிப்பட்ட செய்தியை மீட்டல் யாராலும் ஆகாது. பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் மொழி.

செய்திகள் பெரும்பாலும் தாமே மறையாக்கம் பெற்றுச் செல்கின்றனவே, முதல் துணுக்குகள் சில வெளியே சென்றால் யாது கேடு என்பர் சிலர். அம்முதல் துணுக்குகளிலேதான், எத்தளத்தை நாடுகிறோம் என்னும் பெயர் வினவல் பலகால் அடங்கியிருக்கிறது. உறை ஒட்டியிருப்பினும் மேல்விலாசம் பேசும். 1908 முதல் பாரதியாரும், 1910 முதல் அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் இந்நகரில் வாழ்ந்தபோது, பிரிட்டிஷ் ஒற்றர் அவர்தம் எழுத்தை மட்டுமோ நோக்கினர்? யார் யாரைக் காண வருகின்றனர் என்பதையும் நோக்கினர். இவ்வூரார் இதனை எளிதில் உணர்வர்.

மற்றொரு தடை வலிமையுடையது. முழுக்காப்பு இயலாவிடின் இயன்ற காப்பேனும் கொள்க, காப்பில்லையென்று தொடர்பையே அறுத்துவிடற்க என்னும் கொள்கையை 2014-இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 7435 விளக்குகிறது. இக்கொள்கையை யாம் மறுக்கின்றிலேம். எதிர்முனைக்கு மறையாக்கும் ஆற்றலே இல்லையென்று தெளிந்தபின் வெளிப்படச் செல்வது ஒன்று. ஆற்றல் உண்டோ இல்லையோ என்று அறியுமுன்னரே செல்வது வேறு. 'இயலாது' என்பதும் 'இன்னும் இயலவில்லை' என்பதும் ஒன்றாகா. காத்திருக்கும் நிலையில் நிறுத்துக. தோல்வி உறுதியானபின் யாது செய்வதென்பதைத் தனியே வகுத்துக்கொள்க. பொதுமக்கள் யாவரும் அறிதற்குரிய செய்திகளோ முதலிலிருந்தே விலக்குப் பெறுதல் முறை. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரியருகே கரைகடந்த ஃபெஞ்சல் புயலை ஒத்த காலங்களில், வானிலை எச்சரிக்கை காப்புவழிக்காகக் காத்துக்கிடத்தல் அறிவுடைமை ஆகாது. அதில் மறைத்தற்கு யாதொன்றும் இல்லை.

ஆயினும், நிறுத்துவோர்க்கு ஒரு கடமை உண்டு. மார்க்கெட்டில் மக்கள் பொறுமையோடு நிற்பது, எதற்காக நிற்கிறோம் என்று அவர் அறிந்திருத்தலால் அன்றோ? பொறி வாய்பேசாது நிறுத்திவைப்பின், இணையமே அற்றதென மயங்கி, அவர் காப்புவழியையே அணைத்துவிடுவர். காவற்கென வைத்த கதவு அதனால் பயனற்றுப்போம். ஆதலின், காத்திருத்தற்கு ஓர் எல்லை வகுத்தலும், 'காப்புவழி அமைகிறது', 'அமையவில்லை' என நல்ல தமிழில் திரையிற் காட்டுதலும் இன்றியமையாதன. நம் கல்லூரியிற் பயின்று மென்பொருள் இயற்றப் புகும் இளைஞர், தாம் எழுதும் இயல்பு அமைப்பு ஒவ்வொன்றும், அதனை ஒருநாளும் திறந்து பாராத ஒரு மீன்காரியின் பொருட்டும் ஒரு பூக்காரரின் பொருட்டும் தாம் செய்யும் முடிபென்பதை மனத்திற் கொள்வாராக.