பேரன் போனில் ஆயா குரல்



உங்கள் வீட்டு ஆயா பாடி, கடைசியாக எப்போது கேட்டீர்கள்?

நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயி 2025 ஜூன் மாதம், 99 வயதில் காலமானார். அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. 'ஆண்பாவம்' படத்துப் பாட்டி என்றால் அந்த முகம் உடனே கண்ணில் வந்து நிற்கும். சிவகங்கைப் பக்கம், வெட்டுடையார் காளி கோயில் இருக்கிற ஊர்க்காரர். வயல் வேலையோடு வளர்ந்த பாட்டு அவருடையது. முதலில் வானொலியில் பாடினார். 1985-ல் இயக்குநர் பாண்டியராஜன் அந்தப் படத்தின் மூலம் அவரைச் சினிமாவுக்கு அழைத்து வந்தார். அறுபதை நெருங்கும் வயதில் எத்தனை பேர் புதிதாக ஒன்றைத் தொடங்குவார்கள்? இளையராஜா இசையில், தன் சொந்தக் குரலிலேயே பாடினார். 1993-ல் கலைமாமணி விருது வந்தது.

விருது வந்தது, வசதி வரவில்லை. முதுமையை வறுமையோடுதான் கழித்தார். இதில் நமக்கும் பங்கு இல்லையா? திருவிழாவில் ஆர்க்கெஸ்ட்ராவுக்குக் கேட்ட பணத்தைக் கொடுக்கிறோம். ஊர்ப் பாட்டுக்காரிக்கு ஒரு புடவையோடு முடித்துக்கொள்கிறோம்.

ஆனாலும் கருப்பாயியின் குரல் பதிவாகி இருக்கிறது. நம் பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவர் குரல்கள்?

கரையில் பெரிய வலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக்கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். கடற்கரை ஊர்களில் அதற்கு அம்பா என்று பெயர். எல்லோர் கையும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டுமே, அதற்குத்தான் அந்தத் தாளம். இன்ஜின் சத்தம் வந்த பிறகு பாட்டுக்கு வேலை குறைந்தது. ஏரியில் யார், எங்கே, எந்த முறையில் வலை போடுவது என்ற ஏற்பாட்டை 'பாடு' என்கிறோம். பாடு இன்னும் இருக்கிறது. பாட்டுத்தான் கையை விட்டுப் போகிறது.

போகிற பாட்டைப் பிடித்துவைக்க வழி உண்டு. அயர்லாந்தில் ஷேமஸ் என்னிஸ் என்றொரு பைப் இசைக்கலைஞர் இருந்தார். 1942 முதல் 1947 வரை, அந்நாட்டு நாட்டார் வழக்காற்று ஆணையத்துக்காக, சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ப் பாட்டு சேகரித்தார். கையில் பேனாவும் காகிதமும்தான். கானமாரா கடற்கரையில் ஒரே ஒருவரிடமிருந்து மட்டும் 200-க்கு மேல் பாட்டுகளை எழுதி எடுத்தார். அந்த மனிதர் மேடை வித்வான் இல்லை. நிலத்திலும் கடலிலும் பாடுபட்ட கிராமத்துக்காரர்.

நமக்கு சைக்கிள்கூட வேண்டாம். வீட்டுக்கு வீடு போன் இருக்கிறது.

ஆயாவை நாற்காலியில் உட்காரவைத்து "பாடு" என்றால், "எல்லாம் மறந்துபோச்சு போடா" என்பார். அவர் இறால் உரிக்கும்போது, கொள்ளுப்பேத்தியைத் தூங்கவைக்கும்போது, சொல்லிவிட்டுப் போனைப் பக்கத்தில் வையுங்கள். பாடி முடித்ததும் தன் பெயரையும் ஊரையும், யாரிடம் கற்றார் என்பதையும் அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். ஒப்பாரியை மட்டும் வீட்டுக்குள் பாடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். நல்ல வீட்டில் அதைப் பாடக் கூடாது என்று நினைக்கிற தலைமுறை அது. அவர் சொல்கிற இடத்தில், அவர் சொல்கிற நாளில் பதிவு செய்யலாம்.

பதிவானதும் வாட்ஸ்அப் குரூப்பில் போட அவசரப்படாதீர்கள். முதலில் அவருக்கே போட்டுக் காட்டுங்கள். தன் குரலை வெளியிலிருந்து அவர் கேட்பது அதுதான் முதல் முறையாக இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்